உடைந்த படி தெரியும்வரை

எங்கள் கரைக்குப் பெயர் சைபீரியா. வேர்த்துக் கொட்டும் இந்தக் காட்டில் அப்படியொரு பெயரை எந்தப் புண்ணியவான் வைத்தானோ தெரியவில்லை. ஊர் எதிர்க்கரையில் இருக்கிறது. ஷாபூரி. மாதா கோயில், மருந்துக்கடை, பள்ளிக்கூடம் எல்லாம் அந்தப் பக்கம். நாங்கள் இந்தப் பக்கம். நடுவில் ஆக்ரே ஆறு. பாலம் கட்டித் தருகிறோம் என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போவார். அவரையும் எங்கள் படகுக்காரி இதலீனாதான் ஏற்றி வருவாள், திரும்பக் கொண்டுபோய் விடுவாள்.

நான் ஜெருசா, அந்தப் பள்ளிக்கூடத்தில் சமையல் செய்கிறவள். இருபது வருஷம் தினமும் அவள் படகில் போய் வந்திருக்கிறேன். அவளைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அவளுக்குப் பிடிக்காவிட்டாலும் சொல்வேன்.

அவள் பிறந்தது ஆற்றின் மேல்புறம், இங்கிருந்து ஒன்றரை நாள் படகில் போக வேண்டிய ஒரு ரப்பர் காட்டில். அவள் அப்பாவை உலக யுத்தத்தின்போது வடகிழக்கே சியாராவின் வறட்சியிலிருந்து 'ரப்பர் வீரன்' என்று பெயர் சூட்டிக் கூட்டி வந்தார்கள். வீரனுக்குத் துப்பாக்கி கிடையாது. மரத்தைக் கீற ஒரு கத்தி, நெற்றியில் கட்டிக்கொள்ள ஒரு மண்ணெண்ணெய் விளக்கு, அவ்வளவுதான். விடியுமுன்பே கிளம்பி மரம் மரமாகக் கீறிக்கொண்டு போக வேண்டும். ஒருநாள் அந்த விளக்கு அவருக்கு எதிரே இருந்த மரத்தைக் காட்டியது. ஓடையின் குறுக்கே அவர் கால் வைத்த கட்டை ஈரமாக இருந்ததைக் காட்டவில்லை. இடுப்பெலும்பு உடைந்து, சாகும்வரை கோணிக் கோணித்தான் நடந்தார். இதலீனாவுக்கு அப்போது ஒன்பது வயது. அன்றிலிருந்து அவளுக்கு விளக்கு என்றாலே ஆகாது.

பிறகு மாட்டுப்பண்ணைக்காரர்கள் காட்டை வெட்ட ஆள் அனுப்பினார்கள். அப்போது வயிற்றில் பிள்ளையோடு மோட்டார் ரம்பங்களுக்கு முன்னால் போய் நின்ற பெண்களில் இவளும் ஒருத்தி. அதைப் பற்றி யாராவது மரியாதையாகக் கேட்டால், கால் வலித்தது என்று மட்டும் சொல்வாள். தங்கம் தேடி மதெய்ரா ஆற்றுக்குப் போன புருஷன் தங்கத்தோடும் வரவில்லை, வெறுங்கையோடும் வரவில்லை. அவன் விட்டுப்போனது ஓர் ஓட்டைப் படகு. அதை அடைத்து, தார் பூசி, துடுப்பைக் கையில் எடுத்தாள். அந்தத் துறை அவளுடையதாகி முப்பது வருஷம் ஆனது. பள்ளிப் பிள்ளைகளை அக்கரை சேர்க்கும் வேலையும் நகராட்சிக் கடிதத்தோடு அவளிடமே இருந்தது. அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு, மாதா படத்துக்குக் கீழே மாட்டியிருந்தாள்.

எங்கள் படகுக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எதிர்க்கரைப் படிக்கட்டில் ஆளுக்கொரு அடையாளம் வைத்திருப்பார்கள். விடிகாலையில் அது கண்ணுக்குத் தெரிந்தால்தான் கட்டிய கயிற்றை அவிழ்ப்பார்கள். இதலீனாவின் அடையாளம் மேலிருந்து நான்காவது படி. ஒரு வெள்ளத்தில் மிதந்து வந்த மரம் மோதி அதன் மூலை உடைந்திருந்தது. அது தெரிந்தால் முதல் நடை கிளம்பும். தெரியாவிட்டால் மந்திரியே வந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான்.

இரண்டாயிரத்து எட்டு ஜூனில், நாட்டின் தலைநகரம் பிரேசிலியாவில் போட்ட ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. அதுவரை எங்கள் மாநிலக் கடிகாரம் அவர்களுடையதைவிட இரண்டு மணி நேரம் பின்னால் ஓடியது. இனி ஒரு மணி நேரம்தான் பின்னால் ஓட வேண்டுமாம். பாங்குக்கு வசதியாம், டிவிக்கு வசதியாம். ஆற்றின் பேரையே கொண்ட எங்கள் மாநிலம், ஆக்ரே என்று ஒரு இடமே கிடையாது, அது கட்டுக்கதை என்று தெற்கத்திக்காரர்கள் எங்களைக் கேலி பேசுவது வழக்கம். இல்லாத இடத்துக்கு நேரம் மட்டும் எதற்கு என்று அவர்களிடம் யாராவது கேட்டிருக்கலாம். சூரியனை யாரும் கேட்கவில்லை, எங்களையும் கேட்கவில்லை. ஒரு ராத்திரியில் எல்லோருடைய விடியலும் ஒரு மணி நேரம் தள்ளிப் போனது.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. எத்தனை மணி என்று கேட்டால் பழசா புதுசா என்று பதிலுக்குக் கேட்டார்கள். என் தங்கை மகளின் ஞானஸ்நானத்துக்குப் பாதிரியார் புது நேரத்துக்கு வந்தார், ஞானத்தந்தையாக நிற்க வேண்டியவர் பழைய நேரத்துக்கு வந்தார். வாசலில் மெழுகுவத்தி விற்றுக்கொண்டிருந்த மனிதரைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தினோம். அவர் இன்றைக்கும் பிள்ளையின் பிறந்தநாளை மறக்காமல் வருகிறார், அது வேறு விஷயம்.

இதலீனா தன் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைத் தொடவில்லை. ஆனால் பள்ளிக்கூடம் புது நேரத்துக்கு மாறியது. ஏழு மணிக்குக் கேட் மூடுவார்கள். அதற்கு ஆறேகாலுக்குப் படகு கிளம்ப வேண்டும். புது ஆறேகால் என்பது கும்மிருட்டு. பிள்ளைகளின் படிப்பாயிற்றே என்று முதலில் அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு இருட்டில் துடுப்புப் போட்டாள். அந்த ஒரு தப்புக்கு மட்டும் அவள் இன்றுவரை தன்னை மன்னிக்கவில்லை.

இரண்டாவது வாரம் தெற்கிலிருந்து குளிர்காற்று இறங்கியது. அந்தக் காற்று வந்தால் ஆற்றின் மேல் மூடுபனி சோறு வடித்த பானையின் ஆவிபோல் எழும்பும். மழையில்லாத மாதங்களில் தண்ணீர் வற்றி, அடியில் புதைந்த மரங்களெல்லாம் முக்கால் முழம் கீழே நின்றுகொண்டிருக்கும் சமயம் அது. படகு ஒன்றில் மோதிச் சாய்ந்தது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த தவானா என்ற எட்டு வயதுப் பெண் தண்ணீரில் விழுந்தாள். எங்கே விழுந்தாள் என்று பார்க்க முடியவில்லை. இதலீனா துடுப்பைப் போட்டுவிட்டுக் குதித்தாள். சத்தம் வந்த பக்கம் கையைத் துழாவி, தலைமயிரைப் பிடித்துத் தூக்கினாள். நான் மற்றப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு எனக்குத் தெரிந்த ஜெபத்தையெல்லாம் தப்பும் தவறுமாகச் சொன்னேன்.

பிள்ளை பிழைத்தது. கரையேறியதும் இதலீனா நடுங்கிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "நாளையிலிருந்து உடைஞ்ச படி தெரிஞ்சாத்தான் படகு, ஜெருசா. எந்த மணியா இருந்தாலும் சரி."

படி தெரிந்து, துடுப்புப் போட்டு, பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது புது நேரம் ஏழு பத்து ஆகிவிடும். கேட் பூட்டியிருக்கும். பத்தே நிமிஷம். தலைமை ஆசிரியை ரொசேலியா கெட்டவள் இல்லை. ஆனால் மேலிடத்திலிருந்து ஒரு தாள் வந்துவிட்டால் அதன்படி மூச்சுவிடுகிறவள். சைபீரியாப் பிள்ளைகள் பத்தொன்பது பேருக்கும் தினமும் முதல் பாடத்துக்கு 'வரவில்லை' என்று எழுதினாள். பிள்ளைகள் வெளியே புல்லில் உட்கார்ந்திருப்பார்கள். நான் சமையலறைப் பின்கதவால் உள்ளே போய், ஜன்னல் வழியாக வாழைப்பழக் கஞ்சியை ஊற்றி ஊற்றிக் கொடுப்பேன்.

இப்படியே போனால் வருகை போதாமல் பத்தொன்பது பேருக்கும் வருஷம் வீணாகிவிடும் என்று வீட்டுக்கு வீடு கடிதம் வந்தது. தாய்மார்கள் இதலீனா மேல் பாய்ந்தார்கள். முதலில் பாய்ந்தது தவானாவின் அம்மா லூசிமார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. உன் பிள்ளையைத்தானே இதலீனா ஆற்றிலிருந்து இழுத்தாள் என்று கேட்டேன். அதற்கு நன்றி சொல்லியாகிவிட்டது, அதற்காகப் பிள்ளை படிக்காமல் இருக்க முடியுமா என்றாள் லூசிமார். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எரிச்சலாக இருந்தது.

அப்புறம் இதலீனாவுக்கே ஒரு கடிதம் வந்தது. ஆகஸ்ட் ஆறாம் தேதி காலை ஆறு மணிக்கு, புது நேரப்படி, ஊர்த் துறையில் புரட்சி நாள் விழா. மாநிலத் தலைநகரத்திலிருந்து அதிகாரி வருகிறார். சைபீரியாப் பிள்ளைகள் மாநில கீதம் பாட வேண்டும். அன்றைக்கு நேரத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுவராவிட்டால், மறுநாளிலிருந்து பள்ளி நடை ஒடிலோனுக்குப் போகும். ஒடிலோன் மோட்டார் படகு வைத்திருந்தவன். முன்பக்கத்தில் லாரிக்கு வைப்பதுபோல் பெரிய விளக்கு.

புரட்சி நாளைப் பற்றி எங்கள் ஊரில் பேசத் தொடங்கும் குழந்தைக்குக்கூடத் தெரியும். நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த மண் பொலிவியாவுடையது; ரப்பர் வெட்டுகிறவர்கள் எல்லாம் எங்கள் ஆட்கள். ஒரு ஆகஸ்ட் ஆறு, விடியுமுன், எங்கள் ஆட்கள் ஓடத்தில் வந்து அந்த ஊர்த் துறையில்தான் இறங்கினார்கள். அன்றைக்குப் பொலிவியாவின் சுதந்திர தினம். தூக்கக் கலக்கத்தில் எழுந்து வந்த பொலிவிய அதிகாரி, விழாவுக்கு இவ்வளவு சீக்கிரமா வந்துவிட்டீர்களே என்றாராம். விழா இல்லை ஐயா, இது புரட்சி என்று பதில் கிடைத்ததாம். வருஷா வருஷம் இதைப் பள்ளியில் நாடகமாகப் போடுவார்கள். அந்த அதிகாரி வேஷத்துக்கு மீசை வரைந்து விடுவது என் வேலை.

ஆறாம் தேதி காலை நாங்கள் துறைக்குப் போனபோது பனி மரம் உயரத்துக்கு நின்றது. பத்தொன்பது பிள்ளைகளும் வெள்ளைச் சட்டையில், கையில் சின்னக் கொடியோடு. பின்னால் தாய்மார்கள். இதலீனா படகில் உட்கார்ந்திருந்தாள். துடுப்பு மடியில் குறுக்கே கிடந்தது. கயிறு கட்டியபடியே இருந்தது.

அக்கரையில் பேண்டு வாசிக்க ஆரம்பித்தார்கள். ஒலிபெருக்கியில் யாரோ 'ஹலோ, ஹலோ' என்றார். லூசிமார் இறங்கி வந்து படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு ஒரு நாள், இதலீனாம்மா. உங்க வேலையும் போயிரும், எங்க பிள்ளைங்க வருஷமும் போயிரும். உங்களுக்கு இந்த ஆறு மனப்பாடம்."

"மனப்பாடம்னு நெனச்சுத்தான் அன்னிக்கு உம் பொண்ணத் தண்ணில போட்டேன்."

"அப்ப வேலை போனாப் பரவால்லையா?"

இதலீனாவுக்குப் பயமாக இருந்தது என்று எனக்குத் தெரியும். அந்தத் துறையை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பு எதுவும் இல்லை. விரல்கள் துடுப்பை இறுக்கிப் பிடித்திருந்தன.

"போனாப் போகட்டும். அவங்க கடியார முள்ள நகத்தினா ஆத்துல வெளிச்சம் வந்துருமா? படி தெரியல. நான் அவுக்கமாட்டேன்."

அப்போதுதான் அக்கரையில் மோட்டார் சத்தம் கேட்டது. ஒடிலோனை அனுப்பிவிட்டார்கள். நாளைக்குக் கைமாற வேண்டிய பள்ளி நடை இன்றைக்கே போனது. தாய்மார்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகப் பிள்ளையின் கையைப் பிடித்துத் தண்ணீர் ஓரத்துக்கு இறங்கினார்கள், இதலீனாவின் படகைத் தாண்டி. அவள் அவர்களைப் பார்க்கவில்லை. கட்டிய கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

சத்தம் நெருங்கியது. பனிக்குள் வெள்ளையாக ஒரு வெளிச்சம் பரவியது. பிறகு மடாரென்று ஒரு சத்தம், மரம் உராயும் சத்தம், மோட்டார் நின்ற அமைதி, அதற்குப் பிறகு ஒடிலோனின் வாயிலிருந்து பிள்ளைகள் கேட்கக் கூடாத வார்த்தைகள்.

இதலீனா எழுந்து நின்றாள். "ஒடிலோன், அடி கிடி பட்டுதா?"

"இல்ல. மரத்து மேல ஏறி உக்காந்துட்டேன்."

"வெளக்குல என்ன தெரியுது?"

"பனிதான் தெரியுது," என்றான்.

சிரித்தது நான்தான். பிறகு ஒரு பிள்ளை, பிறகு எல்லோரும். லூசிமார் சிரிக்கவில்லை. தவானாவை அழைத்துக்கொண்டு திரும்பி வந்து, இதலீனாவின் படகில் நடுப் பலகையில் உட்காரவைத்தாள். தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள்.

அக்கரையில் பேச்சுக்கள் நடந்தன. வீரம் என்றார்கள், தியாகம் என்றார்கள். எங்கள் கண்ணில் ஒலிபெருக்கிகூடப் படவில்லை. பேண்டு மறுபடி வாசித்து ஓய்ந்தது. கைதட்டினார்கள். பனி மெதுவாகக் கிழிந்தது. முதலில் அக்கரை மாமரத்தின் உச்சி, பிறகு படிக்கட்டின் மேல்வரிசை. பிள்ளைகள் எல்லோரும் படிகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். உடைந்த மூலை தெரிந்ததும் தவானாதான் கையை நீட்டினாள்.

இதலீனா கயிற்றை அவிழ்த்தாள். நடு ஆற்றில் நிறுத்தி, முழங்கால்வரை நனைந்து உட்கார்ந்திருந்த ஒடிலோனையும் ஏற்றிக்கொண்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு ஒரு பிள்ளையின் கொடியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

நாங்கள் படியேறியபோது நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். தலைநகரத்து அதிகாரி கையில் கேக்குத் துண்டோடு நின்றார். ஆள் தெற்கத்திக்காரர், வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. பக்கத்தில் ரொசேலியா வெளுத்த முகத்தோடு நின்றாள். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். ஊர் மொத்தமும் இன்னும் கலையாமல் நின்றது.

"ரொம்ப லேட்டும்மா. விழா முடிஞ்சு போச்சு," என்றார்.

இதலீனா துடுப்பை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினாள். அவள் யோசித்துச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

"விழாவுக்கு நாங்க வரல, ஐயா."

அவர் வேறு என்னமோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் பத்தொன்பது பிள்ளைகளும், வருஷா வருஷம் நாடகத்தில் சொல்லிச் சொல்லிப் பழகிய குரலில், ஒன்றாகச் சொன்னார்கள்: "இது புரட்சி."

முதலில் சிரித்தது பேண்டில் டிரம் அடிக்கிறவர். பிறகு துறையே சிரித்தது. அந்த மனிதருக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. யாரோ காதில் சொன்னபோது காது மடல் சிவந்தது. மடித்த நாற்காலிகளை மறுபடி விரித்தார்கள். பிள்ளைகள் கீதம் பாடினார்கள். தவானா இரண்டு வரிகளைத் தப்பாகப் பாடினாள், ஆனாலும் என் வாழ்நாளில் அதைப் போல் நான் கேட்டதில்லை.

மறுநாள் பள்ளி நடையை எடுத்துக்கொள்ளச் சொல்லி ஒடிலோனுக்கு ஆள் போனது. நான்காவது படி தெரிந்தால் வருகிறேன், அதற்கு முன் வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பினான். அதற்கு இதலீனாவே இருந்துவிட்டுப் போகலாமே என்று விட்டுவிட்டார்கள். ரொசேலியா எதையும் மாற்றியதாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் கேட்டின் சாவி தினமும் ஏழரைவரை எங்கேயோ தொலைந்துபோகத் தொடங்கியது. பிள்ளைகளுக்கு அந்த வருஷம் வீணாகவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, எந்த நேரம் வேண்டும் என்று ஒருவழியாக எங்களிடம் வாக்குக் கேட்டார்கள். அன்றைக்கு வாக்குப் போடப் போகிறவர்களை ஏற்றி இறக்கி, இதலீனா படகை விட்டு இறங்கவே இல்லை. நூற்றுக்கு ஐம்பத்தேழு பேர் பழைய நேரம் என்றோம். அதை அமலாக்க பிரேசிலியாவுக்கு இன்னும் மூன்று வருஷம் பிடித்தது. இரண்டாயிரத்துப் பதின்மூன்று நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கடிகாரமும் பின்னுக்கு வந்தது.

அதற்கு முந்தின நாள் சாயங்காலமே டிவிக்காரர் ஒருவர் காமிராவோடு சைபீரியாவுக்கு வந்துவிட்டார். எங்கள் வழக்கப்படி என் வீட்டில் தூளி கட்டித் தூங்கினார். விடியுமுன்பே இதலீனா வீட்டுக்கு அழைத்துப் போனேன். அவள் காப்பி கொடுத்தாள். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இது ஏற்கெனவே சரியாக இருக்கிறதே என்று வருத்தப்பட்டார். முள்ளை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டு, அப்புறம் காமிராவுக்கு முன்னால் அதைப் பின்னுக்குத் திருப்பினால் நன்றாக இருக்கும் என்றார்.

இதலீனாவுக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அஞ்சு வருஷம் ஊரே தலைகீழா நின்னப்பவும் இதத் தொடல, தம்பி. உங்களுக்காகவா தொடுவேன்? நீங்க கையில கட்டியிருக்கறதத் திருப்புங்க, அதப் படம் புடிங்க."

அவர் வற்புறுத்தவில்லை. அவருக்கு வேறு அவசரம். காலை ஐந்து மணிக்கு ஊர்ச் சதுக்கத்திலிருந்து நேரடி ஒளிபரப்பாம், நாடு முழுவதும் பார்க்குமாம். உடனே அக்கரை சேர வேண்டும் என்று துறைக்கு ஓடினார். நாங்கள் பின்னால் நடந்தோம். ஆற்றின் மேல் பனி நின்றது. இதலீனா படகில் ஏறி, துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, எதிர்க்கரையைப் பார்த்தாள்.

ஏன் கிளம்பவில்லை என்று அவர் என்னைக் கேட்டார். இன்னும் படி தெரியவில்லை என்றேன். அவர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். இதலீனா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கொஞ்ச நேரம் கரையில் நின்று பார்த்துவிட்டு, அவரும் காமிராவைத் தூக்கிக்கொண்டு படகில் ஏறி எங்களோடு உட்கார்ந்தார்.